அம்மா வீட்டுப் பெட்டி தாங்கும் அளவு

தம்பி,

நீ போனை எடுப்பதில்லை. நான் அனுப்பும் செய்திகளைப் படித்ததற்கான நீலக் குறி மட்டும் விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால் நம் தோட்டத்து வீடுகள் எல்லாம் இருக்கும் குரூப்பிலேயே இதைப் போடுகிறேன். வீட்டு விஷயத்தை அம்மா சந்திக்கு இழுத்துவிட்டாள் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும், கோபத்திலாவது ஒரு வார்த்தை பேசுவாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ நம் கணக்குச் சங்கிலியின் பிளாக் அளவைப் பெரிதாக்கப் போகிறாய். அன்று முதல் நம் வீடுகளில் இருக்கும் சின்னப் பெட்டிகளால் அதைத் தாங்க முடியாது. ஈப்போவில் ஒரே கட்டடத்தில் இருக்கும் மூன்று பெரிய இயந்திரங்கள்தான் எல்லாக் கணக்கையும் வைத்திருக்கும். அதற்குச் சம்மதம் என்று ஒவ்வொரு வீடும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். நான் அழுத்தவில்லை. இந்த வேலையே வேண்டாம், நிறுத்திவிடு என்று உன்னைக் கெஞ்சிக் கேட்கத்தான் எழுதுகிறேன். கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. உன் அப்பாவிடம்கூட நான் கெஞ்சியதில்லை.

குரூப்பில் புதிதாகச் சேர்ந்த மருமகள்களும் மருமகன்களும் தலையும் வாலும் புரியாமல் விழிக்கக் கூடாது என்பதற்காக முதலிலிருந்தே சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் ஒருவர் லயம் லயமாக, வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று துக்கம் சொல்வார். உள்ளே வர மாட்டார், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அவர் ஒரு சுற்று முடித்துத் திரும்புவதற்குள் சாவு வீட்டில் அரிசியும் விறகும் ஆளும் சேர்ந்துவிடும். தோட்டத்தை விற்று, ரப்பர் பால்மரத்தை வெட்டி, ஜனங்கள் ஆளுக்கொரு திசையாகப் போன பிறகு அந்தச் சுற்று நின்றுபோனது. பாதிப் பேர் இங்கே சுங்கை சிப்புட் தாமான் குடியிருப்புகளுக்கு வந்தோம், கொஞ்சம் பேர் பத்து காஜாவுக்குப் போனார்கள், சிலர் பாரிட் புந்தார் வரைக்கும் போய்விட்டார்கள். உன் அப்பா இறந்த அன்று பக்கத்து வீட்டுச் சீனர் கூடாரத்துக்கு ஏற்பாடு செய்தார், எதிர் வீட்டு மலாய்க்காரம்மா நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். தோட்டத்து ஆட்கள் என்று பார்த்தால் தூக்குவதற்கு நாலு பேர் தேறியதே பெரும்பாடு. மற்றவர்கள் கருமாதி முடிந்த பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். யாருமே சொல்லவில்லையே என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர்கள் எல்லோருக்கும் நீதான் பதில் சொன்னாய். அதற்குப் பிறகு உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாய்.

அப்படித்தான் நம் நாணயம் பிறந்தது. ஒவ்வொரு வீட்டிலும் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி வைத்தாய். மாதா மாதம் நாம் போடும் சந்தா நாணயமாக மாறி அதில் ஏறும். எங்கேயாவது சாவு என்றால் பக்கத்தில் இருக்கும் சில வீடுகள் நேரில் போய்ப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். உடனே எல்லாப் பெட்டிக்கும் செய்தி போகும், எல்லா வீட்டிலிருந்தும் நாணயம் வரும், சவ வண்டிக்காரர் அதை வாங்கிக்கொண்டு வண்டியை எடுப்பார். தலைவர், பொருளாளர் என்று யாரும் கிடையாது. கணக்கு முழுவதும் எல்லா வீட்டிலும் இருக்கும், ஒவ்வொரு பெட்டியும் தானே கூட்டிக் கழித்துப் பார்க்கும், பாதிக்கு மேற்பட்ட பெட்டிகள் சரி என்று சொன்னால்தான் அடுத்த பிளாக் சங்கிலியில் சேரும். தமிழனுக்குத் தலைவர் பதவி இல்லாமல் ஒரு சங்கமா என்று பாரிட் புந்தார் வேலு அண்ணன் கேலி செய்தார். முதல் பிளாக்கில் நீ உன் அப்பாவின் பெயரை எழுதினாய். பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாதிப் பேர் சாமி மேடையில் வைத்து, வெள்ளிக்கிழமை அதற்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டினார்கள். நீ தலையில் அடித்துக்கொண்டாய். எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை.

பிளாக் என்பது ஒரு பக்கம் மாதிரி என்று எனக்கு நீதான் விளக்கினாய். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு பக்கம் எழுதப்படும், ஒரு பக்கத்தில் இவ்வளவுதான் எழுதலாம் என்று அளவு உண்டு. பக்கம் சின்னதாக இருந்தால் நம் தாமானில் நொண்டிக்கொண்டு வரும் இன்டர்நெட்டிலும் வந்து சேரும், பெட்டி அதைப் படித்துச் சரிபார்த்து முடிக்கும், அடுத்ததற்குத் தயாராகும். பக்கம் பெரிதானால் இதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும், பெட்டி பின்தங்கும், ஒருநாள் ஆட்டத்திலிருந்தே விழுந்துவிடும். இது எனக்கு உடனே புரிந்தது. நான் கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கும் பிரிவில் வேலை செய்தவள். ஆரம்பத்தில் பெல்ட் மெதுவாக வரும், ஒவ்வொரு கையுறையையும் ஊதிப் பார்ப்போம். ஆர்டர் கூடியதும் பெல்ட்டை விரைவுபடுத்தினார்கள். கண்ணும் கையும் ஈடுகொடுக்கவில்லை. அப்புறம் அட்டைப்பெட்டிக்கு ஒன்றிரண்டு பார்த்தால் போதும், முழுப் பெட்டிக்கும் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். போட்டோம். பெல்ட்டின் வேகத்தை யாரும் எங்களைக் கேட்டு வைக்கவில்லை.

உன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சின்னப் பக்கத்தால் நாம் பட்ட சூசாவும் கஷ்டமும் கொஞ்சமில்லை. அந்த மழைக்காலத்தில் ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்தது. எல்லா வீடும் ஒரே நேரத்தில் அனுப்ப, பக்கம் நிறைந்து, மீதியெல்லாம் வரிசையில் நின்றது. வெளியில் சவ வண்டிக்காரர் போனைப் பார்த்துக்கொண்டே நின்றார், இன்னும் ஏறவில்லை, இன்னும் ஏறவில்லை என்று சொல்லிக்கொண்டே. செத்தவரின் மகன் உன்னைக் கூப்பிட்டுக் கத்தினான். அன்றிலிருந்து பொடியன்கள் எல்லாம் பிளாக்கைப் பெரிதாக்கு என்று குரூப்பில் உன்னைப் பிய்த்தெடுத்தார்கள். நீ மட்டும் மாட்டேன் என்று நின்றாய். நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து போனில் அவர்களுக்கு நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "எங்கம்மா ஊட்டுப் பெட்டி எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் அளவு. அதுக்கு மேல ஒரு வரி ஏத்த மாட்டேன்." அடுப்படியில் இருந்த எனக்கு நெஞ்சு பொங்கிவிட்டது. உலகத்தில் யாருக்கு இப்படி ஒரு பிள்ளை வாய்க்கும் என்று மறுநாள் பசாரில் கீரைக்காரியிடம்கூடப் பெருமையடித்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் ஒரு கட்டுக் கீரையைச் சேர்த்துக் கொடுத்தாள்.

அப்படிச் சொன்ன நீதான் இன்று அளவை மாற்றுகிறாய். காரணம் தைப்பூசம். அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, நானே திறக்கிறேன்.

மின்னல், வெள்ளம், இன்டர்நெட் அறுந்துபோவது என்று எல்லாவற்றையும் நீ யோசித்திருந்தாய். ஒரு ஊரில் போனால் இன்னொரு ஊர் தாங்கும், அதற்காகத்தானே இவ்வளவு வீடு என்றாய். எல்லாவற்றையும் யோசித்த நீ எங்களை யோசிக்கவில்லை. தோட்டத்தில் ஒரு திருவிழா அன்று, ஒரு வீட்டில் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் கோயிலுக்குப் போய்விட, பலகை வீடுகள் வரிசையாக எரிந்து போயின. நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அதற்குப் பிறகு தோட்டத்து ஜனம் எந்த விசேஷத்துக்கு வீட்டைப் பூட்டினாலும் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் பூட்டும். கல்வீட்டுக்கு வந்து இத்தனை காலம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. மற்ற நாளாக இருந்தால் ஃபிரிட்ஜில் மீன் இருக்கிறது, கோழி இருக்கிறது என்று யோசிப்போம். தைப்பூசத்துக்கு விரதம். வீடு கழுவி, ஃபிரிட்ஜைத் துடைத்துக் காலி செய்து வைத்திருப்போம். யோசிக்க என்ன இருக்கிறது? சுங்கை சிப்புட்டில் இறக்கினோம், பத்து காஜாவில் இறக்கினார்கள், பாரிட் புந்தாரில் இறக்கினார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. ஈப்போ கோயிலில் எல்லோரும் கூடினோம். நம் ஆட்கள் ஒரு வீடு விடாமல் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டோம். உனக்காக நேர்ந்துகொண்ட பால்குடம் என் தலையில் இருந்தது. பத்து காஜா மாரியாயியைக் காணோமே என்று யாரோ கேட்டார்கள். கூட்டத்தில் எங்கேயாவது இருப்பாள் என்று நான்தான் சொன்னேன்.

மாரியாயியின் வீட்டுக்காரர் அன்று காலையில் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார். வீட்டுக்கு ஓடிவந்து பெட்டியில் துக்கச் செய்தியைப் போட்டிருக்கிறாள். எந்தப் பெட்டியும் விழித்திருக்கவில்லை. பாதிக்கு மேல் சரி சொல்ல ஆளில்லாமல் ஒரு பக்கம்கூட ஏறவில்லை. எங்கள் போன்கள் எல்லாம் பைக்குள், பைகள் எல்லாம் மேளச் சத்தத்துக்குள். நாணயம் ஏறாததால் சவ வண்டியும் வராமல் அவள் பொழுது சாயும் வரை காத்துக் கிடந்தாள். போனில் அவளுக்குக் கிடைத்த ஒரே ஆள் நீ. ஈப்போவிலிருந்து மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு போய், ஆஸ்பத்திரியில் அந்த உடம்புக்குப் பக்கத்தில் நீயும் அவளுமாக உட்கார்ந்திருந்தீர்கள்.

அன்று திருநீறும் சந்தனமுமாக நான் வீட்டுக்குள் நுழைந்து மெயினை ஏற்றியபோது நீ வந்து நின்றாய். கத்துவாய் என்று பார்த்தேன், கத்தவில்லை. "ஊருக்கு ஊரு பெட்டி இருக்குன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்மா," என்றாய். "எல்லாஞ் சேந்து ஒரே பெட்டிதான்." அப்போது நான் உன்னைப் பிடித்து உட்கார வைத்து ஒரு வாய் சோறு போட்டிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, சாமி கும்பிடப் போனது ஒரு குற்றமா என்று கேட்டேன். நீ ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அதற்கப்புறம் நீ வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு முறை.

அந்த முறைதான் ஈப்போ முதலாளியைப் பற்றிச் சொன்னாய். இனி வீட்டுப் பெட்டிகளை நம்ப முடியாது, அவர் கட்டடத்தில் மூன்று இயந்திரம் வைத்தால் பிளாக்கையும் பெரிதாக்கலாம் என்றாய். கட்டடம் அவருடையது, லைன் அவருடையது, மின்சாரம் ஒருநாளும் போகாது, நல்ல மனுஷர், நம் ஜனங்களுக்கு உதவ வேண்டும் என்று நினைக்கிறார் என்றாய். நான் மறுக்கவில்லை, நல்ல மனுஷராகத்தான் இருப்பார். சாப்பிட்டுக்கொண்டே நீ இன்னொன்றும் சிரித்தபடி சொன்னாய். கோயில் நிர்வாகத்தில் அவரோடு சண்டை போட்ட ஒரு வீட்டை மட்டும் கொஞ்ச நாள் சங்கிலியிலிருந்து நிறுத்தி வைக்க முடியுமா என்று உன்னிடம் கேட்டாராம். "சும்மா கேட்டாரும்மா," என்றாய். முடியாது என்று நீ சொல்லிவிட்டதாகவும் சொன்னாய். நீ சொல்லியிருப்பாய், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தம்பி, இத்தனை வருஷம் அந்தக் கேள்வியை யாரும் உன்னிடம் கேட்டதில்லை, ஏன்? கேட்டுப் பயனில்லை. ஒரு வீட்டை நிறுத்த வேண்டுமென்றால் எல்லா வீட்டு வாசலிலும் போய்க் கேட்க வேண்டும். முடியாது என்று சொல்வதற்கு உனக்குத் தைரியம் தேவைப்பட்டதே இல்லை, ஏனென்றால் உண்மையிலேயே முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முடியும். அப்புறம் ஒவ்வொரு முறையும் நீ தைரியமாக இருந்தாக வேண்டும். காய்ச்சல் வந்த நாளிலும், உனக்குக் கல்யாணமாகிக் குழந்தை குட்டி என்று ஆகி அவருடைய தயவு வேண்டியிருக்கும் நாளிலும் இருந்தாக வேண்டும். யாராலும் அப்படி இருக்க முடியாது. உன்னாலும் முடியாது. உன்னைப் பெற்றவள் சொல்கிறேன்.

நீ பேசாததால் நான் வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். பஸ் பிடித்துப் பத்து காஜாவுக்கு முதலில் போனேன். மாரியாயி ஒருத்தி மாட்டேன் என்று சொன்னால் மற்றவர்கள் யோசிப்பார்கள் என்று எனக்கு ஒரு கணக்கு. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவள் கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, பொத்தானை அப்போதே அழுத்திவிட்டதாகச் சொன்னாள். பெரிய பிளாக் என்றால் நம் பெட்டி எதையும் சரிபார்க்க முடியாது, ஈப்போவில் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கும் என்று நான் எடுத்துச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். "அக்கா, ஊட்டுக்கு ஊடு பெட்டி இருக்குன்னு சொல்றீங்க. அன்னிக்கு எந்தப் பெட்டி எந்திரிச்சி வந்துச்சி? தம்பி ஒரு ஆளுதான் வந்துச்சி. அது சொன்னா நான் அழுத்துவேன். ஈப்போ மிஷினு சாமி கும்பிடப் போவாதுலா." கோப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு அவள்தான் வந்துவிட்டாள்.

பாரிட் புந்தாரில் வேலு அண்ணன் பொத்தானை அழுத்தவில்லை. எனக்கு உயிர் வந்தது, ஆனால் கொஞ்ச நேரம்தான். அவர் பெட்டியே பல மாதமாக அணைந்து கிடக்கிறது. அந்தப் பிளக்கில் மீன் தொட்டி மோட்டாரைச் சொருகியிருக்கிறார். தங்கமீன் செத்துப்போகும் என்று பயமாம். மற்ற வீடுகளில் ஓடுகிறதே, நான் ஒருத்தன் இல்லாவிட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்று இருந்துவிட்டாராம். வேலு அண்ணே, இதைப் படிப்பீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களைப் போல இன்னும் எத்தனை வீடு என்று எனக்கு இப்போது தெரியும். போன இடத்தில் எல்லாம் ஒரே பதில். அழுத்தியாச்சு, தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். என்ன மாறுகிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாதே, பிறகு ஏன் அழுத்தினீர்கள் என்றால், அதான் தம்பி இருக்கிறதே என்கிறார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் எனக்கு அது புரிந்தது. நான் இவ்வளவு நாளும் ஈப்போ கட்டடத்துக்குப் பயந்துகொண்டிருந்தேன். நடு என்று ஒன்று இருக்கக் கூடாது என்றுதானே இதை உண்டாக்கினாய், அந்த நடுவில் ஆரம்பத்திலிருந்தே நீ நின்றுகொண்டிருக்கிறாய். பெட்டியைச் சொருகியவன் நீ, கெட்டால் வந்து பார்ப்பவன் நீ, நாணயம் ஏறாவிட்டால் திட்டு வாங்குபவன் நீ, ஆள் வராத சாவுக்குப் போய் உட்காருபவனும் நீ. நாங்கள் எல்லோரும் உன் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பார், எவ்வளவு பரவலாக இருக்கிறோம் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமையோடு அது சட்டமாகவே ஆகிவிடும். பேரா மாநிலத்தில் நம் ஜனத்தில் யார் செத்தாலும் முதல் போன் உனக்கு வரும், கடைசிப் போனும் உனக்கு வரும். கடைசியாக வந்தபோது உன் சட்டை உன் மேல் தொங்கியது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு, கேஸ்ட்ரிக்மா என்றாய். அந்த மெஷின் அறையிலேயே பாய் போட்டுப் படுக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். உன் மனம் கல்லாக இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். அது கல் இல்லை, அதனால்தான் பயப்படுகிறேன். நான் பிளாக்குக்காக அழவில்லை தம்பி, உனக்காக அழுகிறேன். இரண்டும் எப்படி ஒன்றாகிப் போனது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அளவை மாற்றாதே, எங்களை மாற்று. மாறுவோமா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் சாவு வீட்டில் உடம்பைத் தனியாக விட மாட்டோம், ஆள் மாற்றி ஆள் முறை வைத்து விழித்திருப்போம். அந்த ஒன்றை நம் ஜனத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதே மாதிரி திருவிழா நாளில் முறை வைத்துக்கொள்ளலாம் என்று போன வீடுகளில் எல்லாம் சொன்னேன். ஊருக்கு ஊர் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் மெயினை இறக்கக் கூடாது, அவற்றைப் பார்த்துக்கொள்ளச் சில பேர் வீட்டிலேயே இருக்க வேண்டும். அடுத்த தைப்பூசத்துக்கு முதல் ஆளாக நான் இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். உனக்கு நேர்ந்த பால்குடத்தை நிறுத்தினால் உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. முருகனிடமும் சொல்லிவிட்டேன். கோபித்தால் என்னைக் கோபித்துக்கொள், பிள்ளையை விட்டுவிடு என்று. பக்கம் நிறைந்துபோகும் நாளில் நாணயம் மெதுவாகத்தான் ஏறும், அதற்கும் ஒரு வழி பார்த்தேன். சவ வண்டிக்காரரிடம் நேரில் போய், செய்தி உறுதியானதும் வண்டியை எடுங்கள், நாணயம் வரிசையில் வரட்டும் என்று பேசினேன். யோசிக்கிறேன் என்றார். இதுவரைக்கும் யாரும் அவரிடம் போய்ப் பேசியதே இல்லையாம்.

இதற்கெல்லாம் ஒத்துக்கொண்ட வீடுகள் கொஞ்சம்தான். வேலு அண்ணன் இன்னொரு பிளக் வாங்கிவிட்டார், அவரையும் சேர்த்துச் சொல்கிறேன். பாதிக்குக் கிட்டேகூட வராது. நாங்கள் அழுத்தாமல் இருந்தால் எங்கள் பெட்டிகள் உன் பெரிய பக்கங்களை ஏற்காது, எங்களாலும் தனியாக ஒரு பக்கம் எழுத முடியாமல் போகலாம். போன இடமெல்லாம் இதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். உன்னை எதிர்த்து ஜெயிக்கலாம் என்று நான் இதைச் செய்யவில்லை. ஒரு வீடாவது, தம்பி சொன்னான் என்பதற்காக மட்டும் பொத்தானை அழுத்திவிடாமல் இருக்க வேண்டும். அது உன் வீடாக இருக்கட்டும்.

நீ மனசு மாறாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு உன் சங்கிலியில் என் வீடு இருக்காது. என் கால் வலியும் நெஞ்சு படபடப்பும் உனக்குத் தெரிந்ததுதான். நான் போய்ச் சேர்ந்தால் அந்தச் செய்தி உன் இயந்திரங்களுக்கு வராது, உனக்கு வழக்கமாக வரும் போன்களில் அந்த ஒரு போன் இருக்காது. அதனால் அதற்கு முன்னால் ஒருமுறை வீட்டுக்கு வா. பிளாக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். யார் சொல்வதையும் நம்ப வேண்டாம். உன் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்பதை நீயே வந்து உன் கண்ணால் சரிபார்த்துவிட்டுப் போ.

அம்மா